புது டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை, பழையதைக் கவனியுங்கள்

கேள்வி: வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொடுக்கிறேன். பத்து வருடத்துக்கு முன் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். விண்டோஸ் 10 ஒரு சின்ன எஸ்எஸ்டியில் இருக்கிறது. வாடிக்கையாளர் படங்கள் எல்லாம் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில். அதில் இடம் தீர்ந்துவிட்டதால் ரிச்சி தெருவில் 4 டிபி டிஸ்க் வாங்கினேன். அட்டைப்பெட்டி இல்லை, வெள்ளி நிறக் கவரில் போட்டுத் தந்தார்கள். பில் இருக்கிறது. அண்ணன் மகன் மாட்டிப் பார்த்தான். சத்தம் இல்லை, அதிர்வு இல்லை, பயாஸிலும் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) வரவில்லை. கடைக்கு எடுத்துப் போனால் அவர்கள் மேசையில் யுஎஸ்பி டாக்கில் (டிஸ்க்கை வெளியே வைத்தே செருகிப் பார்க்கும் தாங்கி) செருகியதும் ஓடுகிறது. வீட்டுக்கு வந்தால் மறுபடி அசைவே இல்லை. பழைய டிஸ்க்கின் வயர்களைப் பிடுங்கி இதில் மாட்டியும் பயனில்லை. ஒரே ஒரு தடவை, வீட்டில் கிடந்த நாலு பின் கன்வெர்ட்டர் வயரை வைத்து மாட்டியபோது ஓடியது. டிஸ்க்கை ‘இனிஷியலைஸ்’ செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டி வந்தது. எல்லாம் அழிந்துவிடுமோ என்று பயந்து கேன்சல் கொடுத்துவிட்டேன். அந்தக் கன்வெர்ட்டர் தீப்பிடிக்கும் ரகம் என்று சொல்லி அவனும் கழற்றிவிட்டான். எஸ்எம்பிஎஸ்ஸை (கேபினெட்டுக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மாற்றுங்கள் என்கிறார் கடைக்காரர். டிஸ்க்கே கோளாறு, திருப்பிக் கொடுங்கள் என்கிறார் எங்கள் தெரு சர்வீஸ்காரர். யார் சொல்வதைக் கேட்பது? இதற்கிடையில் பழைய டிஸ்க்கில் சில ஃபோல்டர்கள் திறக்க ரொம்ப நேரம் ஆகிறது, எப்போதாவது ‘டக்’ என்று ஒரு சத்தமும் வருகிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிறகு பார்த்துக்கொள்ள முடியாது. இதைப் படித்ததும் கம்ப்யூட்டரை முறையாக ஷட் டவுன் செய்து, பழைய 1 டிபி டிஸ்க்கின் இரண்டு வயர்களையும் கழற்றி வையுங்கள். விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருப்பதால் கம்ப்யூட்டர் வழக்கம்போல ஓடும். இந்த வாரமே கொடுத்தாக வேண்டிய ஆல்பம் ஏதாவது இருந்தால் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் பென் டிரைவில் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். புதியது தயாராகும்வரை பழையதற்கு மின்சாரமே போகக் கூடாது. ஏன் என்பதற்குக் கீழே வருகிறேன்.

புது டிஸ்க்கைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டுமே சரியில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதிய விவரங்களிலேயே விடை இருக்கிறது. டாக்கில் ஓடுகிறது, எனவே டிஸ்க் செத்துவிடவில்லை. உங்கள் வீட்டிலேயே, அதே எஸ்எம்பிஎஸ்ஸில், கன்வெர்ட்டர் வழியாக மாட்டியபோது ஓடியிருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தெம்பில்லை என்றால் அப்போதும் ஓடியிருக்காது. டிஸ்க் சுற்றத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில்தான் அது அதிக மின்சாரம் இழுக்கும். நேரடி வயரில் மாட்டினால் மட்டும்தான் அசையவில்லை. அப்படியானால் அந்த இரண்டு வயர்களுக்கும் என்ன வித்தியாசம் என்றுதான் பார்க்க வேண்டும்.

கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து டிஸ்க்குக்கு நேராக வரும் மின் வயரில், அதாவது சாட்டா பவர் வயரில், ஐந்து இழைகள் இருக்கும்: ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, இரண்டு கறுப்பு, ஒரு ஆரஞ்சு. மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட். நாலு பின் கன்வெர்ட்டரில் ஆரஞ்சு இருக்காது. வித்தியாசம் அவ்வளவுதான், உங்கள் டிஸ்க்கை ஓடவிடாமல் பிடித்து வைத்திருப்பதும் பெரும்பாலும் அந்த ஆரஞ்சுதான்.

சாட்டா பவர் இணைப்பில் மொத்தம் 15 பின்கள். அதில் முதல் மூன்று 3.3 வோல்ட்டுக்கு என்று ஆதியில் ஒதுக்கியிருந்தார்கள். மேசைக் கணினிக்கான 3.5 அங்குல டிஸ்குகள் எதுவும் அதைப் பயன்படுத்தியதாகச் சொல்ல முடியாது, சும்மா கிடந்தது. பிறகு வந்த சாட்டா 3.3 விதிமுறையில் அந்த மூன்றாவது பின்னுக்குப் புது வேலை கொடுத்தார்கள். பெரிய சர்வர் கூடத்தில் நூற்றுக்கணக்கான டிஸ்குகளில் ஒன்று உறைந்துபோனால், ஆள் போய் அதைப் பிடுங்கிச் செருகத் தேவையில்லை. அந்தப் பின்னில் 3.3 வோல்ட் கொடுத்தால் டிஸ்க் அணையும், நிறுத்தினால் மறுபடி கிளம்பும். இதற்கு ‘பவர் டிசேபிள்’ என்று பெயர். சர்வருக்கு அருமையான வசதி. ஆனால் உங்கள் எஸ்எம்பிஎஸ் பழைய விதிமுறைப்படி அந்தப் பின்னில் எந்நேரமும் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. டிஸ்க் அதை ‘அணைந்தே இரு’ என்ற உத்தரவாக எடுத்துக்கொள்கிறது. சத்தமில்லாமல், அதிர்வில்லாமல், பயாஸில் பெயரில்லாமல் கிடப்பது இதனால்தான். கடைக்காரர் மேசையில் உள்ளது போன்ற யுஎஸ்பி டாக்குகள் பெரும்பாலும் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் மட்டுமே கொடுப்பவை. அதனால் அங்கே நன்றாக ஓடும். அவர் உங்களை ஏமாற்றவில்லை. அவருக்கும் காரணம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

உறுதி செய்துகொள்ள டிஸ்க்கின் லேபிளில் உள்ள மாடல் எண்ணை எடுத்து, தயாரிப்பாளரின் தளத்தில் அதன் விவரத் தாளைப் பாருங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலின் அல்ட்ராஸ்டார் போன்ற சர்வர் வரிசைகளில் இந்த வசதி உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகையும் வருவதுண்டு. மாடல் எண்ணில் ஓர் எழுத்தோ எண்ணோதான் மாறும். உங்களுடையது அந்த ரகம் என்றால் வேறு தேடல் தேவையில்லை.

தீர்வு சிக்கனமானது. நாலு பின்னிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் வயர், ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும், ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டு விலைகூட ஆகாது. ஆனால் உங்கள் அண்ணன் மகன் சொன்னதில் உண்மை இருக்கிறது. அவனைப் பாராட்டவும் வேண்டும். இந்தக் கன்வெர்ட்டர்களில் இரண்டு ரகம். ஒன்றில் சாட்டா முனை முழுவதும் ஒரே பிளாஸ்டிக் கட்டியாக வார்க்கப்பட்டிருக்கும். வயர் உள்ளே எங்கே போகிறது என்றே தெரியாது. வார்க்கும்போது உள்ளே இழைகள் நகர்ந்து நெருங்கிவிட்டால், நாள்பட்ட சூட்டில் 12 வோல்ட்டும் கிரவுண்டும் ஒன்றையொன்று தொட்டு, முனை கருகி உருகிவிடும். டிஸ்க்கின் பின்னோடு ஒட்டிக்கொண்ட நிலையில் இப்படிப்பட்டவை எங்கள் மேசைக்கு வருவதுண்டு. இன்னொரு ரகத்தில் முனையின் முதுகில் கழற்றக்கூடிய ஒரு மூடி இருக்கும், ஒவ்வொரு இழையும் தனித்தனியாக உலோகப் பல்லில் அழுத்திச் சொருகப்பட்டிருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். கையில் வாங்கி முதுகைத் திருப்பிப் பாருங்கள். இழைகள் தெரிய வேண்டும், ஆரஞ்சு இருக்கக் கூடாது.

ஆரஞ்சு வயரை வெட்டிவிடலாம் என்று யாராவது கட்டரோடு வருவார்கள். வேண்டாம். மூன்றாவது பின்மேல் கேப்டான் டேப்பை (மின்சாரம் கடத்தாத, சூடு தாங்கும் டேப்) மெல்லிய துண்டாக ஒட்டும் வழியும் உண்டு, அது வேலையும் செய்யும். டேட்டா இணைப்பு இருக்கும் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது. பழகிய கை இருந்தால் செய்யலாம். ஆனால் ஒரு மில்லிமீட்டர் தள்ளி ஒட்டிவிட்டால் இன்னொரு புதிரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். கன்வெர்ட்டர் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

எஸ்எம்பிஎஸ் மாற்றச் சொன்னதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பத்து வருட எஸ்எம்பிஎஸ் என்பதால் என்றைக்காவது நீங்கள் மாற்றத்தான் போகிறீர்கள். வயர்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் வகையை வாங்கினால், அதோடு வந்த வயர்களை மட்டுமே போடுங்கள். டிஸ்க் பக்கத்து முனை எல்லா பிராண்டுக்கும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனை அப்படியில்லை. பார்க்க ஒன்றாக இருக்கும், சரியாகச் செருகிக்கொள்ளும், உள்ளே 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 12 வோல்ட் இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றி, பழைய வயர்களை அப்படியே விட்டுவிட்டு ஸ்விட்சைத் தட்டியதும் உள்ளே இருந்த எல்லா டிஸ்குகளும் ஒரே நொடியில் போனதைப் பார்த்திருக்கிறேன். அதில் இருந்தவையும் கல்யாணப் படங்கள்தான்.

பெரம்பூர் பக்கத்துப் பழைய வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் நான் பார்ப்பது இன்னொன்று: கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று லேசாக இழுக்கும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் சாக்கெட்டில் சொருக ஒரு அடாப்டரைப் போட்டு, எர்த்தையே துண்டித்திருப்பார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால், டிஸ்க் வேலைக்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இனி இனிஷியலைஸ் விஷயம். கேன்சல் கொடுத்ததில் தப்பில்லை, தெரியாத பெட்டிக்கு ஓகே கொடுக்காமல் இருப்பது நல்ல பழக்கம். ஆனால் புது டிஸ்க்குக்கு அது வந்தே தீர வேண்டிய பெட்டி. கடையிலிருந்து வரும் உள் டிஸ்க் வெறும் மனை மாதிரி. எல்லைக்கல் நட்டு, பட்டா எண் போட்டால்தான் விண்டோஸ் அதை ‘திஸ் பிசி’யில் காட்டும். ‘புது டிஸ்க் வாங்கினேன், கம்ப்யூட்டர் காட்டவில்லை’ என்று எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் முடிந்துபோகும். டிஸ்க் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், பயாஸில் பெயர் இருக்கும், பாகம் பிரிக்காததால் திரையில் மட்டும் இருக்காது.

செய்ய வேண்டியது இதுதான். பழைய டிஸ்க் கழன்றே இருக்கட்டும். புதியதைக் கன்வெர்ட்டர் வழியாக மாட்டி, டேட்டா வயரை இரு பக்கமும் ‘கிளிக்’ என்று பிடிக்கும்வரை செருகுங்கள். கொக்கி உடைந்த பழைய டேட்டா வயர் வேண்டாம். கம்ப்யூட்டரைப் போட்டதும் டெலிட் விசையையோ எஃப்2 விசையையோ தட்டி பயாஸுக்குள் போய், டிஸ்க்கின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். அங்கே பெயர் இல்லையென்றால் விண்டோஸில் என்ன தேடினாலும் கிடைக்காது; மறுபடி வயரையும், மதர்போர்டில் வேறொரு சாட்டா போர்ட்டையும் பார்க்க வேண்டும். இருந்தால் எதையும் மாற்றாமல் வெளியே வந்துவிடுங்கள். அங்கே ஏஹெச்சிஐ, ஐடிஇ என்று சாட்டா மோடு ஒன்று இருக்கும். சும்மா மாற்றிப் பார்ப்போமே என்று கை வைத்தால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும்.

விண்டோஸ் வந்ததும் ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டைத் திறந்தால் நீங்கள் கேன்சல் கொடுத்த அதே பெட்டி மறுபடி வரும். டிஸ்க்கைப் பாகம் பிரிக்கும் முறை எம்பிஆரா, ஜிபிடியா என்று கேட்கும். ஜிபிடி. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. எம்பிஆர் என்பது 1983ல் ஐபிஎம் பிசி காலத்தில் வந்த முறை. அது இடங்களை 32 பிட் எண்ணால் எண்ணுகிறது. ஓர் இடம் 512 பைட் என்றால் 2 டிபிக்கு மேல் எண்ணத் தெரியாது. தெரியாமல் எம்பிஆர் கொடுத்துவிட்டால் உங்கள் டிஸ்க் 2048 ஜிபி ஒரு துண்டாகவும், 1678 ஜிபி தொட முடியாத இன்னொரு துண்டாகவும் நிற்கும். பயப்பட வேண்டாம், அதில் இன்னும் படம் எதையும் வைக்காதவரை ஜிபிடிக்கு மாற்றிக்கொள்ளலாம். உங்கள் மதர்போர்டு பழசு என்பதாலும் தயங்க வேண்டாம். விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்கிறது, இது படங்கள் வைக்க மட்டும்தான்.

பிறகு ‘அன்அலொகேட்டட்’ என்று கறுப்புப் பட்டை போட்ட பகுதியில் வலது கிளிக், ‘நியூ சிம்பிள் வால்யூம்’, அளவு முழுவதும், என்டிஎஃப்எஸ், குயிக் ஃபார்மட். டிரைவ் எழுத்து கேட்கும் இடத்தில் மட்டும் ஒரு நொடி நில்லுங்கள். பழைய டிஸ்க் கழன்று இருப்பதால் அதன் எழுத்தையே, அனேகமாக டி, இதற்குக் கொடுக்கப் பார்க்கும். வேண்டாம், பி (P) என்றோ எம் (M) என்றோ தள்ளி ஒன்றைக் கொடுங்கள். ஆல்பம் மென்பொருள்கள் படங்களை டிரைவ் எழுத்தோடு சேர்த்துத்தான் நினைவில் வைத்திருக்கும். எழுத்து மாறினால் ‘படத்தைக் காணோம்’ என்று பாதி முடிந்த ஆல்பமெல்லாம் வெறும் சட்டங்களாகத் திறக்கும். எல்லாவற்றையும் நகலெடுத்து முடித்து, பழையதை ஓரம் கட்டிய பிறகு, புதியதற்கு டி என்று மாற்றிக்கொள்ளலாம்.

4 டிபி என்று வாங்கியது 3.63 என்று காட்டும். கடைக்காரர் குறைத்துக் கொடுக்கவில்லை. தயாரிப்பாளர் 4 லட்சம் கோடி பைட்டுகளைத்தான் 4 டிபி என்கிறார். விண்டோஸ் ஆயிரத்துக்குப் பதில் 1024ஆல் வகுத்துக்கொண்டே போகிறது.

படங்களை ஏற்றுவதற்கு முன், ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளை இறக்கி, புது டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். வலது மேல் பக்கத்தில் ‘பவர் ஆன் அவர்ஸ்’ என்று இருக்கும். டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற கணக்கு. நீங்களும் கடைக்காரரும் சோதித்ததைச் சேர்த்தாலும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால் அது எங்கோ ஒரு சர்வரில் உழைத்துவிட்டு வந்த டிஸ்க். இதை நான் வலியுறுத்தக் காரணம், பவர் டிசேபிள் உள்ள டிஸ்குகள் பெரும்பாலும் மொத்தமாக சர்வர் கூடங்களுக்குப் போகிறவை. அட்டைப்பெட்டி இல்லாமல், வெள்ளிக் கவரில், சில்லறையாக உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று கேட்பதில் தப்பில்லை. வெறும் கவரில் வருவதாலேயே பழசு என்று சொல்லிவிடவும் முடியாது. உள் டிஸ்குகள் அப்படியும் விற்கப்படுகின்றன.

அந்த மணிக்கணக்கையே முழுக்க நம்பிவிடவும் முடியாது. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் இது பெரிய செய்தியானது. புதியவை என்று வாங்கிய சீகேட் சர்வர் டிஸ்குகள் ஏற்கெனவே பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை என்று தெரியவந்தது. வழியில் யாரோ கணக்கைப் பூஜ்யமாக்கி விற்றிருந்தார்கள். சீகேட் டிஸ்குகளுக்குள் ‘ஃபார்ம்’ என்று இன்னொரு பதிவேடு உண்டு. அதில் பழைய கணக்கு அப்படியே இருந்ததால்தான் பிடிபட்டது. உங்களுடையது சீகேட்டாக இருந்தால், டிஸ்க்கின் உள் பதிவுகளைப் படிக்கும் ‘ஸ்மார்ட்மான்டூல்ஸ்’ மென்பொருள் தெரிந்த ஒருவரிடம் அந்தப் பதிவேட்டையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த பிராண்டாக இருந்தாலும் லேபிளில் உள்ள சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள். ‘இது எங்கள் நேரடி வாரண்டியில் இல்லை, விற்றவரிடம் கேளுங்கள்’ என்ற பாணியில் பதில் வந்தால், உங்களுக்கு இருப்பது கடை வாரண்டி மட்டுமே. அதைக் கடைக்காரர் வாங்கும்போதே சொன்னாரா என்பதுதான் கேள்வி.

பில் வாங்கியிருக்கிறீர்கள், சந்தோஷம். பில் இல்லாமல் எடுத்தால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று அங்கே பேச்சு வரும். அப்படி வாங்கியவர்கள் பிறகு பேச வழியில்லாமல் நிற்பார்கள். உங்கள் பில்லில் சீரியல் எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போய் எழுதி, முத்திரை போட்டு வாங்கிவிடுங்கள். மணிக்கணக்கு ஆயிரங்களில் இருந்து கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. முதலில் திரையைப் படமெடுத்துக் காட்டிப் பேசிப் பாருங்கள். நிதானமாகப் பேசினால் ரிச்சி தெருக் கடைகளில் பாதிப் பிரச்சினை கவுன்டரிலேயே முடியும்.

எல்லாம் சரி என்றால் பழையதற்கு வருவோம். ஃபோல்டர் திறக்கத் தாமதமாவது என்றால், டிஸ்க் ஓர் இடத்தைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். ‘டக்’ என்பது படிக்கும் முனை இடம் தவறித் தன் இருப்பிடத்துக்குத் திரும்பும் சத்தமாக இருக்கலாம். வயர் கோளாறாக இருக்கவும் ஒரு வாய்ப்பு உண்டு, அதனால் தீர்ப்பு சொல்வதற்கு முன் பார்த்துவிடலாம். புதியது தயாரானதும் கம்ப்யூட்டரை அணைத்து, பழையதை ஒரு நல்ல டேட்டா வயரோடு மாட்டி, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் சி7 என்ற வரியையும், 05, சி5 என்ற வரிகளையும் பாருங்கள். சி7 மட்டும் ஏறியிருந்தால் குற்றவாளி வயர். 05 மாற்றி ஒதுக்கிய இடங்களின் கணக்கு, சி5 படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் இடங்களின் கணக்கு. இவை இரண்டிலும் பூஜ்யம் அல்லாத எண் இருந்தால் டிஸ்க்கே தேய்கிறது. எது எப்படியானாலும் அடுத்து நகல்தான்.

வழக்கமாக நான் புது டிஸ்க்கை முதலில் முழு ஃபார்மட் செய்து, மூலை முடுக்கெல்லாம் எழுதிச் சோதிக்கச் சொல்வேன். 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும். உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன், பழைய டிஸ்க் அதுவரை காத்திருக்குமா என்பது தெரியாத ஒன்று. குயிக் ஃபார்மட் போதும், உடனே நகலெடுங்கள்.

முழு டிஸ்க்கையும் பிடித்து இழுத்துப் போடாதீர்கள். இன்னும் டெலிவரி கொடுக்காத வேலைகள் முதலில், பிறகு இந்த வருடத்தவை, பிறகு பழையவை. சொந்தக் குடும்பப் படங்கள் இருந்தால் அவற்றை எங்கே வைப்பது என்பது உங்கள் மனசுக்கு விட்டது. நானாக இருந்தால் அவைதான் முதலில். திக்கும் ஃபோல்டரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள், கடைசியில் திரும்ப வரலாம். அண்ணன் மகனுக்கு விண்டோஸிலேயே உள்ள ‘ரோபோகாப்பி’ என்ற நகலெடுக்கும் கட்டளை தெரிந்திருந்தால் மறுமுயற்சி எண்ணிக்கையை 1 என்றும் காத்திருப்பை 1 நொடி என்றும் கொடுக்கச் சொல்லுங்கள். அப்படிக் கொடுக்காவிட்டால், படிக்க முடியாத ஒரே கோப்புக்காக அது 10 லட்சம் தடவை, தடவைக்கு 30 நொடி இடைவெளி விட்டு முயன்றுகொண்டிருக்கும். நின்றுபோகும் நிலையில் உள்ள டிஸ்க்கை அதைவிட வேகமாகக் கொல்ல வழியில்லை. செக்டிஸ்க் ஓட்டாதீர்கள், டீஃபிராக் ஓட்டாதீர்கள், ‘ரிப்பேர்’ என்று பெயர் போட்ட எந்த மென்பொருளையும் அதன்மேல் ஏவாதீர்கள். உங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கும் நாளில், காலை 9 மணிக்குப் போன மின்சாரம் மதியம் 2 மணிக்குத்தான் வரும்; அந்த நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். யுபிஎஸ் பேட்டரி வயதாகியிருந்தால் அது ஐந்து நிமிடம்கூடத் தாங்காது.

இடையில் ‘டக் டக் டக்’ என்று சத்தம் தொடர்ச்சியாக வந்தாலோ, டிஸ்க் நின்று நின்று சுற்றினாலோ அந்த நொடியே அணைத்துவிடுங்கள். அதன்பின் இது டேட்டா ரெக்கவரி செய்பவர்களின் வேலை, தூசியில்லா அறையில் திறக்க வேண்டிய வேலை. செலவு ஆயிரங்களில் தொடங்கும். அதற்கு முன் நீங்கள் எத்தனை தடவை ‘இன்னும் ஒரு தடவை’ என்று போட்டுப் பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்துக் கூடும். ஃப்ரீசரில் வைத்தால் ஓடும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். சென்னைக் காற்றில் ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்த எதுவும் ஒரு நிமிடத்தில் நீர் பூத்துவிடும்.

நகலெடுத்து முடிந்ததும் பழையதை உடனே ஃபார்மட் செய்துவிடாதீர்கள். புது டிஸ்க்கில் சில ஆல்பங்களைத் திறந்து பாருங்கள், பெயர் மட்டும் வந்து படம் திறக்காத கோப்புகள் இருக்கக்கூடும். அதன்பின் புதியதன்மேல் ஸ்மார்ட் ‘லாங் டெஸ்ட்’ (டிஸ்க் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் வசதி) ஒன்றை இரவில் ஓட விடுங்கள். அது படித்துப் பார்க்கும் சோதனை மட்டுமே, எதையும் அழிக்காது. இதெல்லாம் முடிந்தாலும் உங்கள் வாடிக்கையாளர் படங்கள் ஒரே ஒரு டிஸ்க்கில்தான் இருக்கும், 4 டிபி போனால் எல்லாம் போச்சு. ஆல்பம் கையில் கொடுத்து, பணம் வாங்கி முடிக்கும்வரையாவது ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாவது நகல் ஒன்று வெளி டிஸ்க்கில் வேண்டும். வெளி டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்காமல், நகலெடுத்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். அதைக் கேபினெட்டின் பின்பக்க யுஎஸ்பியில் செருகுங்கள். முன்பக்கத்து போர்ட்டுகள் மதர்போர்டிலிருந்து ஒல்லி வயரில் வருவதால், தனி அடாப்டர் இல்லாத சின்ன டிஸ்குகள் பல நேரம் அங்கே சுற்றத் தெம்பில்லாமல் நிற்கும்.

விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்கள் கம்ப்யூட்டரின் வயதுக்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதைப் பற்றி யோசிக்க வேண்டியதுதான், ஆனால் இந்த வாரம் வேண்டாம். படங்கள் பத்திரமான பிறகு தனியாக எழுதுங்கள்.

கன்வெர்ட்டர் வாங்கக் கிளம்பும்போது டிஸ்க்கையும் பில்லையும் கூடவே எடுத்துப் போங்கள், சீரியல் எண் எழுத வேண்டியிருக்கிறது. டிஸ்க்கை அதே வெள்ளிக் கவரில் போட்டு, ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்கூட்டர் டிக்கியில் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.